கறுப்புக் கண்ணாடி அலங்காரமா?

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. ஒளிக்கும் இது பொருந்தும். நடுப்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நம் வகுப்பறையிலோ சில நூறு லக்ஸ்தான். வெயிலில் இறங்கியதும் கண்ணின் பாவை 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கி நம்மைக் காக்கிறது.

சிலருக்கு இந்தக் காவல் போதுவதில்லை. ஒளி பட்டதும் கண் கூசும், நீர் வடியும், தலை வலிக்கும். கருவிழிப் புண், ஒற்றைத் தலைவலி, நிறமிக் குறைபாடு முதலியன இதற்குக் காரணமாகலாம். ஆட்டிசம் உடையோர் பலருக்கு ஒளியும் ஓசையும் மிகுதியாகவே உறைக்கும்.

எனக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி. சேத்தூரின் மேற்கே மலை பசுமையாக நின்றாலும், சித்திரை வெயிலில் களத்துமேடு கண்ணைப் பறிக்கும். அதனால் மருத்துவர் சொற்படி கண்ணாடி அணிகிறேன். "என்ன, கதாநாயகனா?" என்று கேட்கும் நண்பர்களுக்காகவே இக்கட்டுரை.

விழித்திரையில் பார்வைக்குரிய செல்களோடு, மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்ட செல்களும் உள்ளன. இவை நீல ஒளியை மிகுதியாக உணர்பவை. பார்வை இழந்தும் ஒளியை மட்டும் உணரக்கூடிய ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் ஒளியால் வலி கூடுவதை 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே கூச்சம் என்பது பாசாங்கு அன்று, நரம்பின் வேலை. நீலப் பச்சை ஒளியை மட்டுப்படுத்தும் இளஞ்சிவப்புச் சாயக் கண்ணாடி சிலருக்குப் பயன்படுவதும் இதனால்தான்.

கலைஞர் கருணாநிதியின் கறுப்புக் கண்ணாடியை அறியாதார் யார்? அதுவும் அலங்காரத்திற்காக வந்ததன்று. விபத்தில் கண் பாதிக்கப்பட்டு, 1971-இல் அமெரிக்கா சென்று சிகிச்சை பெற்றவர் அவர்.

சில எச்சரிக்கைகளும் தேவை. புற ஊதாக் கதிரைத் தடுக்காத மலிவுக் கண்ணாடி தீமையே செய்யும். இருட்டில் பாவை விரிய, அக்கதிர் மேலும் உள்ளே புகும். வாங்கும்போது 400 நானோமீட்டர் வரை தடுக்குமா என்று கேளுங்கள். வீட்டுக்குள்ளும் எந்நேரமும் கரிய கண்ணாடி அணிந்தால் கண் இருளுக்குப் பழகி, கூச்சம் கூடும். மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்ப்பதால் நோய் தொற்றாது. தொற்றுவது கையாலும் துணியாலும். கண்ணாடி அதைத் தடுக்காது, கூச்சத்தைத்தான் தணிக்கும். திடீரென வலியும் சிவப்பும் சேர்ந்து வந்தால் உடனே மருத்துவரிடம் செல்க.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கரும்பலகையைக் கண் திறந்து பார்த்தால்தான் அந்தப் படிப்பு எனக்குக் கிட்டும். ஆசிரியப் பெருமக்களே, வகுப்பில் சாயக் கண்ணாடியோடு ஒரு மாணவரைக் கண்டால் கழற்றச் சொல்லுமுன் காரணத்தைக் கேளுங்கள். நண்பர்களே, சன்னலோரம் அமர்ந்து கண்ணைச் சுருக்குபவருக்கு உள்பக்கத்து இருக்கையை விட்டுக் கொடுங்கள். அதற்குச் செலவு ஏதுமில்லை.