முற்பணம் கொடுக்க முன்

வவுனியாவில் ஒரு காணி விலைக்கு வருகிறது. விற்பவர் மணமான தமிழ்ப் பெண், வாங்குபவர் குருநாகல் சிங்கள வியாபாரி. விலை பேசி முடிந்தபின் நொத்தாரிசு சொல்கிறார்: “கணவரின் சம்மதமும் எழுத்தில் வேணும்.” உறுதியில் பெண்ணின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஏதோ மறைக்கிறார்கள் என்று வியாபாரி நினைக்கிறார்.

மறைப்பு எதுவுமில்லை. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த, வடக்குத் தமிழருக்கு உரிய தேசவழமைச் சட்டம் அது. அதற்குட்பட்ட பெண் தன் சொந்தக் காணியை விற்கவும் கணவர் சம்மதிக்க வேண்டும். பங்குக் காணியென்றால் மற்றப் பங்காளருக்கே முதலில் வாங்கும் உரிமை. தெற்கின் பொதுச் சட்டத்தில் மனைவிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே வியாபாரி குழம்புவது இயல்பு.

கணவர் காணாமல் ஆக்கப்பட்ட கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பெண்கள் யாரிடம் கையொப்பம் கேட்பார்கள்? இது கொடுமையான நிபந்தனை. ஆனாலும் வழி உண்டு. கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால், சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம். சகோதரிகளே, இதைத் தயங்காமல் சட்டத்தரணியிடம் கேளுங்கள். வாங்க வருபவருக்கும் முற்பணம் கைமாற முன்னரே, அவருடைய மொழியில் இவற்றை விளக்கச் சொல்லுங்கள்.