தாமே எடுத்து உண்ணும் விருந்து

திருமண வரவேற்பு ஒன்றிற்குச் செல்கிறோம். சுவரோரமாக நீண்ட மேசைகள் போடப்பட்டுள்ளன. அவற்றின்மேல் மூடியிட்ட கலங்களில் பலவகை உணவுகள் உள்ளன. விருந்தினர் தட்டேந்தி வரிசையாகச் சென்று, வேண்டியவற்றைத் தாமே எடுத்து உண்கின்றனர். இதனைப் 'பஃபே' என்கிறோம். இப்பழக்கம் எவ்வாறு தோன்றியது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

பஃபே என்பது பிரெஞ்சு மொழிச் சொல். தொடக்கத்தில் அது உணவைக் குறிக்கவில்லை. கலங்களை வைக்கும் ஒரு மரத்தளவாடத்தையே குறித்தது. 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பர்கண்டிப் பகுதியை ஆண்ட கோமக்களின் விருந்து மண்டபங்களில் அது படிப்படியாக உயர்ந்து நின்றது. நவராத்திரிக் கொலுப்படிகளை நினைத்துக்கொண்டால் அதன் தோற்றம் விளங்கும். அப்படிகளில் பொன், வெள்ளிக் கலங்களை அடுக்கினர். அவற்றுள் பல காட்சிக்காகவே வைக்கப்பட்டவை. ஒருவர் எத்தனை படிகள் வைத்துக்கொள்ளலாம் என்பதை அவரது தகுதியே முடிவு செய்தது. விருந்தளிப்பவரின் பெருமையை வந்தவர்க்கு உணர்த்துவதே அதன் நோக்கம்.

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, வெர்சாய் அரண்மனையில் மாலைக் கூட்டங்களை நடத்தினார். இசையும் நடனமும் விளையாட்டும் நிகழ்ந்த அக்கூட்டங்களின்போது 'வளமைக் கூடம்' என்னும் அறையில் காபி முதலிய பருகுபொருள்கள் வைக்கப்பட்டன. காட்சிப் பொருளாக இருந்த மேசை, இவ்வாறு விருந்தோம்பும் மேசையாகவும் ஆயிற்று. வெள்ளிப் பெருமை மட்டும் நிலைக்கவில்லை. 1689ஆம் ஆண்டில் போர்ச்செலவுக்காக அரண்மனையின் வெள்ளித் தளவாடங்களை உருக்குமாறு அம்மன்னரே ஆணையிட நேர்ந்தது.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடன விருந்துகள் பெருகின. இரவு நெடுநேரம் ஆடிக் களைத்தவர்களுக்கு உணவளிக்க வேண்டும். அனைவரையும் ஒரே நேரத்தில் அமர்த்த இடமோ, பரிமாறப் போதிய ஆட்களோ பல வீடுகளில் இல்லை. எனவே, முன்னரே சமைத்து ஆறவைத்த இறைச்சி, கூழ்போன்ற இனிப்புகள், பழங்கள் ஆகியவற்றை மேசையில் பரப்பினர். நின்றுகொண்டே உண்ணும் வழக்கம் இத்தகைய தேவையால் வளர்ந்தது.

சுவீடன் நாட்டிலும் இதைப் போன்றதொரு வழக்கம் தனியே வளர்ந்தது. அங்கே பெருவிருந்துக்கு முன், ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, மீன் ஆகியவற்றை ஒரு சிறு மேசையில் வைப்பர். நாளடைவில் அம்மேசையே முழு விருந்தாக வளர்ந்து, 'ஸ்மோர்கஸ்போர்ட்' எனப் பெயர் பெற்றது. இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மீன், பின்னர் குளிர்ந்த இறைச்சி, அடுத்துச் சூடான உணவு, இறுதியில் இனிப்பு எனச் சிறிது சிறிதாகப் பலமுறை எடுத்து உண்பர். எல்லாவற்றையும் ஒரே தட்டில் குவிப்பது அங்கே நாகரிகம் ஆகாது. 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகப் பொருட்காட்சி இவ்விருந்தைப் பலரும் அறியச் செய்தது. 1958ஆம் ஆண்டில் டோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல் இம்முறையைத் தொடங்கி, அதற்கு 'வைகிங்' எனப் பெயரிட்டது. இன்றும் ஜப்பானியர் இத்தகைய விருந்தை அப்பெயராலேயே அழைக்கின்றனர்.

மாணவர்களே! இம்முறையால் நன்மைகள் பல. விரும்பியதை விரும்பிய அளவில் உண்ணலாம், பலரோடு உரையாடலாம், தலைமை இருக்கை, கடைசி இருக்கை என்னும் வேறுபாடும் இல்லை. ஆயினும் குறையும் உண்டு. நம் பந்தியில் பரிமாறுவோர் இலையைப் பார்த்துக் கேட்டுக் கேட்டு இடுவர். நாம் 'போதும்' என்று கை மறிப்போம். தட்டேந்தி நிற்கும் விருந்தில் கேட்பவர் எவரும் இல்லை. நிற்க இயலாத முதியவர் ஒரு மூலையில் உண்ணாமல் அமர்ந்திருந்தாலும் பிறர் அறியார். அளவறியாது குவித்த உணவு குப்பைக்குச் செல்லும்.

ஆகவே, இவ்விருந்தில் நாமே விருந்தினர், நாமே பரிமாறுபவர். 'போதும்' என்பதை நம் கைக்கு நாமே சொல்லவேண்டும். 'உண்டீர்களா?' என்று அருகிலிருக்கும் முதியவரைக் கேட்பதும் நம் கடமையே.

அருஞ்சொற்பொருள்
கலம் – பாத்திரம்
தளவாடம் – மேசை, நாற்காலி போன்ற வீட்டுப்பொருள்
கோமக்கள் – ஆட்சியுரிமை பெற்ற உயர்குடியினர்
பந்தி – விருந்தினர் வரிசையாக அமர்ந்து உண்ணுதல்

பயிற்சி
1. 'பஃபே' என்னும் சொல் முதலில் எதனைக் குறித்தது?
2. நின்றுகொண்டு உண்ணும் வழக்கம் இங்கிலாந்தில் வளர்ந்ததற்குக் காரணம் யாது?
3. சுவீடன் நாட்டு விருந்தின் ஒழுங்கை வரிசைப்படுத்தி எழுதுக.
4. பிரித்து எழுதுக: தட்டேந்தி, சுவரோரம்.
5. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் கண்ட பந்தியைப் பற்றிக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.