பொதுப் பெயரும் ஓர் எச்சரிக்கையும்

திரியாய்ப் பக்கத்து வேளாண்மைக்காரருக்குக் குளத்துத் துருசைப் பற்றி நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அது ஊருக்கெல்லாம் பொது. ஒருவன் தன் வயலை நினைந்து இரவிலே அதைத் திறந்துவிட்டால், அடுத்த வயற்காரன் காரணம் அறியாது திகைப்பான். அதனாலன்றோ அதைத் திறக்கும் பொறுப்பை வட்டவிதானை ஒருவரிடம் முன்னோர் ஒப்படைத்தனர்!

கணினிக்கு எழுதும் நிரல்களிலும் இத்தகைய துருசுகள் உண்டு. ஒரு மதிப்பை இட்டுவைக்கும் பெயரை மாறி என்பர். ஒரு சார்பினுள்ளே தோன்றி அங்கேயே மறைவது உள் மாறி; அது வீட்டுக் கிணறு போன்றது. நிரலின் எப்பகுதியும் வாசிக்கவும் மாற்றவும் கூடியது பொது மாறி.

லிஸ்ப் என்னும் மொழியை 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜோன் மக்கார்த்தி என்னும் அறிஞர் உருவாக்கத் தொடங்கினார். அதன் கிளைகளுள் ஒன்றான கொமன் லிஸ்ப் 1994இல் அமெரிக்கத் தேசியத் தரமாயிற்று. கலைப்பட்டதாரியாகிய எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பாடசாலை மாணவர் சிலர் தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்ட இம்மொழியில் நிரல் எழுதினர். அதனால் வந்த வேலை இது.

எண்களைச் சுருக்கிச் சொல்கிறேன். மூவர் பெற்ற மொத்தப் புள்ளிகள் 210, 180, 240. வகுப்பின் கூட்டுத்தொகை 630, சராசரி 210 ஆகவேண்டும். கணினி தந்ததோ 160! அவ்வகுப்பு ஆசிரியரிடம் விளக்கம் கேட்டுக் கடிதமும் எழுதிவிட்டேன்.

நடந்தது இதுதான். ஒரு மாணவனின் பாடப் புள்ளிகளைக் கூட்டும் சார்பிலும், வகுப்பு முழுவதையும் கூட்டும் சார்பிலும் 'மொத்தம்' என்ற ஒரே பெயரை வைத்திருந்தனர். இரண்டிலும் அதை உள் மாறியாக அறிவிக்கவில்லை. ஆதலால் இரு சார்புகளும் ஒரே துருசில் கைவைத்தன. முதற் சார்பு 210 என்று எழுத, இரண்டாவது அந்த 210ஐ அதனோடேயே கூட்டி 420 ஆக்கியது. அடுத்த மாணவன் வந்ததும் 420 அழிந்து 180 ஆகி, பின்பு 360 ஆயிற்று. இறுதியில் எஞ்சியது கடைசி மாணவனின் இருமடங்கு, 480. மூன்றால் வகுத்தால் 160.

வருந்தத்தக்கது என்னவெனில், தொகுப்பான் இதை முன்னரே சொல்லியிருந்தது. நிரலைப் பொறிமொழியாக்கும் கருவியே தொகுப்பான். மாணவர் பயன்படுத்திய எஸ்.பி.சி.எல். என்னும் தொகுப்பான், 'மொத்தம்' வரையறுக்கப்படாத மாறி என்று எச்சரித்தது. எச்சரித்துவிட்டு, அதனைப் பொதுப் பெயராகவே கொண்டு வேலையையும் நடத்திக் கொடுத்தது. விடை வந்துவிட்டதே என்று பிள்ளைகள் எச்சரிக்கையைத் தாண்டிப் போய்விட்டனர். வரையறுக்கப்படாத சார்பைக் கண்டால் அத்தொகுப்பான் இலேசான எச்சரிக்கையே தரும். அச்சார்பு பின்னர் வரக்கூடுமல்லவா? மாறிக்கோ முழு எச்சரிக்கை.

'செற்கியூ' என்னும் கட்டளை பெயருக்கு மதிப்பை இடுமேயன்றி, அப்பெயருக்கு வீடு கட்டித் தராது. வீடு கட்டுவது 'லெற்'. உண்மையிலேயே பொதுவாக இருக்க வேண்டிய பெயரை 'டெஃப்வார்' கொண்டு அறிவித்து, இருபுறமும் நட்சத்திரக் குறியிட்டு எழுதுவது வழக்கம். அக்குறிகளைக் குளிர்நாட்டார் காதுறை என்று அழைக்கின்றனர். நமது வெயிலில் அப்பெயர் யாருக்கும் தோன்றியிராது. குறி வெறும் அலங்காரமன்று. அறிவித்த பொதுப் பெயரை 'லெற்' பிணைத்தால் உள் மாறி பிறப்பதில்லை. பொதுமாறியே அவ்வேலை முடியும் வரை புது மதிப்பைத் தாங்கும், முடிந்ததும் பழைய மதிப்புக்குத் திரும்பும். எண்களை எந்த அடியில் அச்சிடுவது என்பதைக் காக்கும் பொதுமாறி ஒன்றுண்டு. அதை இரண்டாகப் பிணைத்தால் பத்து 1010 என்று அச்சாகும். வெளியே வந்ததும் மீண்டும் 10. வட்டவிதானை திறந்து மூடிய துருசு இது. ஆனால் 'மொத்தம்' போன்ற சாதாரணப் பெயரைக் குறியின்றிப் பொதுவாக அறிவித்தாலோ, பிறர் உள் மாறியென நம்பி எழுதிய 'மொத்தங்கள்' யாவும் அவர்கள் அறியாமலே பொதுவாகிவிடும்.

எங்கள் நிரலுக்கு இரண்டு 'லெற்' போதுமாயிருந்தது. எச்சரிக்கை நின்றது, சராசரி 210 என்று வந்தது. ஆசிரியருக்கு எழுதிய கடிதம் நல்லவேளையாக இன்னும் என் மேசையிலேயே இருந்தது.