பாய்மரமும் பெயர்மரபும்

கண்டி இராச்சியம் மலையரணை நம்பி வாழ்ந்த நாடு. அதன் வரலாற்றை அலைத்தவையோ கடல்வழி வந்த மரக்கலங்கள். 1505இல் போர்த்துக்கேயர் கொழும்பை அடைந்தனர். 1602இல் ஒல்லாந்தரான யோரிஸ் வான் ஸ்பில்பர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்கு வந்து விமலதர்மசூரிய மன்னனைக் கண்டார். ஆங்கிலேயர் பின்னர் வந்தனர். இம்மூவர் கலங்களையும் நம் பாடநூல்கள் ‘பாய்க்கப்பல்’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகின்றன. மாணவரும் அவை யாவும் ஒரே அச்சில் வார்த்தவை போலும் என எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாயின் இருவகை

கலங்களைப் பகுத்தறிய முதலில் பாயை நோக்குதல் வேண்டும். பாய் தொங்கும் மரத்தைப் பருமல் என்பர். பருமல் கலத்துக்குக் குறுக்காக நிற்க, அதில் நாற்கோணமாகத் தொங்குவது குறுக்குப் பாய். கலத்தின் நீளவாக்கில் விரிவது நெடுக்குப் பாய். பின்னின்று வீசும் காற்றைக் குறுக்குப் பாய் முழுதும் ஏற்கும்; ஆதலின் நெடுங்கடற் பயணத்துக்கு அது சிறந்தது. எதிர்க்காற்றிலும் பக்கக்காற்றிலும் வளைந்து வளைந்து முன்னேறுதற்கு நெடுக்குப் பாயே ஏற்றது.

பதினைந்தாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் ஆபிரிக்கக் கரையை ஆராயப் பயன்படுத்திய கரவெல் சிறிய கலம். சரிந்த பருமலில் முக்கோணப் பாய் தாங்கியது. அறியாத கரையோரம் சென்று மீள்வதற்கு அதுவே துணை. வழி தெரிந்தபின் வாணிகத்துக்கு வந்தது ‘நவ்’ என்னும் பெருங்கலம். வயிறு அகன்று, முன்னும் பின்னும் மாடங்கள் உயர்ந்து நின்ற அதுவே மிளகையும் கறுவாவையும் சுமந்தது. கலியன் என்பது அதனினும் ஒடுங்கி நீண்டு, முன்மாடம் தாழ்ந்து, பீரங்கி தாங்கப் பொருந்திய கலம்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் அமைத்த புளோயித் வேறொரு நோக்குடையது. அடிவயிறு பருத்து, மேற்றளம் குறுகி, பேரிக்காய் போன்ற வடிவுடையது. அதில் பீரங்கி குறைவு, மாலுமியரும் குறைவு, சரக்கோ மிகுதி. ஒல்லாந்தர் கடல்வாணிகத்தில் பிறரை விஞ்சியதற்கு இச்சிக்கனமும் ஒரு காரணம். வேற்றுமை தெரியாதவன் இக்கலத்தைப் போர்க்கலமென்று கூறிவிடுவான். வரலாறும் அங்கே தடம் புரளும்.

ஒடிந்த மரம் தந்த நூல்

நம் மலைநாட்டுக்கு நெருங்கிய சான்று ஒன்று உண்டு. 230 தொன் கொண்ட ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கலம் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலிற் சிக்கிப் பெரும் பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் தேடித் திருகோணமலைக்குத் தெற்கிலுள்ள கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்சும் தோழர் சிலரும் இரண்டாம் இராசசிங்கன் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். தந்தை இங்கேயே இறந்தார். மகன் ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டு கண்டி நாட்டில் வாழ்ந்து, 1679இல் அரிப்புக்குத் தப்பிச் சென்றார். 1681இல் அவர் வெளியிட்ட நூல், அக்காலக் கண்டியரின் உழவையும் உணவையும் வழக்கையும் அறிதற்கு இன்றும் முதன்மையான சான்று. ஒரு பாய்மரம் நிலைத்திருப்பின் அந்நூல் தோன்றியிராது.

கண்டியைச் சுற்றியோடும் மகாவலி கடலோடு கலப்பது அக்கொட்டியாரக் குடாவில்தான். அலவத்துகொடையை அடுத்த அக்குறணை வழியோடும் பிங்கா ஓயாவின் நீரும் மகாவலியிற் கலந்து அங்கேயே செல்கிறது. கடல் நமக்குத் தொலைவன்று.

அக்கலத்தை நொக்ஸ் ‘பிரிகேற்று’ என்கிறார். அக்காலத்தில் அச்சொல் ஒடுங்கி விரைந்து செல்லும் கலத்தைக் குறித்தது. அது வாணிகக் கலமாகவும் இருக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டிலோ, அது கடற்படையில் ஒரு குறித்த தரத்துப் போர்க்கலத்தின் பெயராயிற்று. பிற்காலப் பொருளை முற்காலச் சொல்லின்மேல் ஏற்றினால், வாணிகம் செய்ய வந்தவர் போர்தொடுக்க வந்தவராகிவிடுவர். 1659இல் காலித் துறையில் பாக்கு ஏற்றுகையில் மூழ்கிய ‘அவொண்ட்ஸ்டர்’ என்னும் ஒல்லாந்தக் கலத்தின் வகைப்பெயர் ‘யாக்ட்’. இன்று அச்சொல் செல்வரின் உல்லாசப் படகைக் குறிக்கின்றது!

வல்வெட்டித்துறை தந்த விடை

பழைய பெயர்கள் பெரும்பாலும் உடலமைப்பையும் தொழிலையும் பற்றியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாய் அமைப்பே பெயருக்கு அளவுகோலாயிற்று. இருமரங்களிலும் குறுக்குப் பாய் உடையது பிரிக். முன்மரத்திற் குறுக்குப் பாயும் பின்மரத்தில் நெடுக்குப் பாயும் உடையது பிரிகன்ரீன். இருமரங்களிலும் நெடுக்குப் பாயே உடையது சுகூனர். மூன்று மரம் கொண்டு, கடைமரத்தில் மட்டும் நெடுக்குப் பாய் உடையது பார்க்.

இவ்வறிவு நம்மவர்க்குப் புதிதன்று. வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தாற் கட்டிய ‘அன்னபூரணி’ ஏறத்தாழ 89 அடி நீளமுடைய இருமரக் கலம். அமெரிக்கரான வில்லியம் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமியரும் அதனைச் சூயஸ் வழியாகவும் அத்திலாந்திக் கடல் கடந்தும் செலுத்தி, 1938இல் மசச்சூசெற்சிலுள்ள குளொசெஸ்டர் துறையிற் சேர்த்தனர். ஐரோப்பியப் பாயமைப்பை நம் தச்சர் தம் கைத்திறனோடு இணைத்தமைக்கு அக்கலம் சான்று. ஆயினும் அதனைப் பற்றி எழுதுவோர் பிரிக் என்றும் பிரிகன்ரீன் என்றும் மாற்றி மாற்றி வழங்குகின்றனர். இரண்டுக்கும் வேற்றுமை பின்மரத்திலே. அம்மரத்தை நோக்காதவர்க்கு இரண்டும் ஒன்றே.

இழப்பின் வரலாறு

இவ்வகை இழப்பு நமக்கு முன்னரும் நேர்ந்திருக்கின்றது. சங்கச் சான்றோர் நாவாய், வங்கம், தோணி, திமில், அம்பி, பஃறி எனப் பல பெயர் வழங்கினர். பஃறி நெல்லேற்றிக் கழியிற் கட்டப்பட்டது. திமில் மீன்வேட்டைக்குச் சென்றது. வங்கம் பெருங்கடலைப் பிளந்தது. நிகண்டுகளோ இவற்றை ஒரு பொருட் பன்மொழிபோல் ஓரிடத்தில் அடுக்கின. செய்யுள் யாப்பார்க்கு அது வசதியே. பொருள் வேற்றுமையோ மங்கிற்று. பரதவர் நாவிலிருந்த அறிவு புலவர் நாவிலே வெறுஞ் சொல்லாயிற்று.

பாய்க்கலத் தொழில் மறைந்தபின் வல்வை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை மாலுமியர் வழங்கிய சொற்களுக்கும் அதே நிலை நேரக்கூடும். பருமல், தண்டையல் போன்ற சொற்கள் இன்று மாணவர்க்குப் புதிராகின்றன. மூத்தோர் உள்ளபோதே அவர் வாயிற் கேட்டு, இன்ன சொல் இன்ன உறுப்பைக் குறிக்கும் எனப் படத்துடன் குறித்துவைத்தல் கடற்கரைப் பள்ளிகளின் கடன். ஆசிரியர்கள் ஐரோப்பியப் பெயர்களைப் பொதுச்சொல்லால் மறையாமல், பெயரைத் தந்து அமைப்பை விளக்குதல் வேண்டும். சொல்லை எண்ணிக் காட்டுவது அகராதியின் பெருமை. வேறுபடுத்திக் காட்டுவதே அறிவின் பெருமை.