உலக்கை பிடித்த கையில் வாலிபால்

சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள், ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது!

கீழப்பழுவூரில் எங்கள் வீட்டுக் கூடம் இது. கட்டில் சுவரோரம் போய்விட்டது. கை படாமலிருக்க டிவிக்கு முன்னால் ஆறடிக்கு ஒரு பொருள் இல்லை. பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் அண்ணன் மகன் காலை அகட்டி நிற்கிறான். பக்கத்தில் நாற்காலியில் அவன் அப்பாயி, அதாவது என் அம்மா. வயது எழுபத்தெட்டு. ஆளுக்கொரு சின்னக் குச்சி கையில். திரையில் வலை, வலைக்கு அந்தப் பக்கம் இரண்டு எதிராளிகள்.

"அப்பாயி, தூக்கு! இப்ப தூக்கு!"

அம்மா கையை மேலே வீசுகிறார். திரையில் அவருடைய பொம்மை எம்பிக் குதிக்கிறது. கை கீழே இறங்குகிறது. பந்து அந்தப் பக்கம் தரையில் மோதித் தெறிக்கிறது. ஸ்மாஷ்! வாசலில் கோலத்துக்குக் காவல் நின்ற பிள்ளைகள் எல்லாம் இப்போது கூடத்துக்குள் நிற்கிறார்கள்.

ஆடுவது வாலிபால். நின்டெண்டோவின் ஸ்விட்ச் பெட்டியில் ஓடும் இந்த வீடியோ கேம் தொகுப்பின் பெயர் நின்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ். 2022 ஏப்ரலில் வந்தது. இதற்கு மூத்தது 2006இல் வந்த வீ ஸ்போர்ட்ஸ். அதில் டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என்று ஐந்து இருந்தன, வாலிபால் இல்லை. நம் ஊர் மைதானங்களில் சாயங்காலமானால் வலை கட்டி ஆடும் ஆட்டம் இந்த வரிசைக்கு வந்துசேரப் பதினாறு ஆண்டு ஆனது.

எனக்கு அடக்க முடியாத கேள்வி ஒன்று இருந்தது. அம்மா கையை எப்படி வீசினார் என்று அந்தக் குச்சிக்கு எப்படித் தெரிகிறது? 2010இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த கினெக்டில் விஷயம் வேறு. அங்கே டிவிக்குப் பக்கத்தில் கேமரா உட்கார்ந்து ஆளையே பார்க்கும். அதற்கென வந்த கினெக்ட் ஸ்போர்ட்ஸில் கடற்கரை வாலிபாலும் உண்டு. இந்தக் குச்சியோ அம்மாவின் வீச்சைப் பார்ப்பதே இல்லை. உணர்கிறது! அதைத்தான் நான் உங்களுக்குக் காட்ட வந்தேன்.

ஜாய்-கான் என்ற அந்தக் குச்சியின் எடை ஐம்பது கிராம் சொச்சம். நிஜ வாலிபாலின் எடை 260இலிருந்து 280 கிராம் வரை, ஆக பந்தில் ஐந்தில் ஒரு பங்குதான். குச்சிக்குள் உளுந்தைவிடச் சிறிய ஒரு சில்லு இருக்கிறது. சில்லுக்குள் சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று, சிலிக்கான் ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. திருச்சியிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருக்கிறீர்களா? கீழப்பழுவூர் நிறுத்தத்தில் டிரைவர் பிரேக் போட்டதும் நிற்பவர்கள் அத்தனை பேரும் முன்னால் சாய்வோமே, அதேதான்! குச்சியை வீசினால் உள்ளே இருக்கும் எடை சாய்கிறது. சாயும்போது பக்கத்துத் தகடுகளோடு உள்ள இடைவெளி மாறுகிறது, அந்த மாற்றம் மின் அளவாக வெளியே வருகிறது. மோதல் நடந்த கணத்தில் காரின் காற்றுப்பையை விரியச் சொல்வதும் இதே வகைக் கருவிதான். உயிர் காக்க வந்தது இங்கே சர்வீஸ் போடுகிறது!

அதே சில்லில் இன்னொரு அதிசயம். இடைவிடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும் இன்னொரு எடை. சுற்றும் ராட்டினத்தில் நேராக நடக்கப் பார்த்தால் யாரோ பக்கவாட்டில் தள்ளுவதுபோல் இருக்கும் அல்லவா? மணிக்கட்டு திரும்பும்போது இந்த எடையும் அப்படித்தான் ஒதுங்குகிறது. எவ்வளவு ஒதுங்கியது என்பதைக் கொண்டு எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்று கணக்குப் போடுகிறார்கள். இந்த அளவுகள் விநாடிக்கு 200 முறை எடுக்கப்படுகின்றன. அம்மா "ஹே" என்று சொல்லி முடிப்பதற்குள் நூறு தடவை அவர் கையைக் கேட்டு முடித்துவிட்டது அந்த உளுந்து!

ஓடுவதையும் பந்துக்கு அடியில் போய் நிற்பதையும் பொம்மையே பார்த்துக்கொள்கிறது. ஆடுபவருக்கு மிச்சம் இருப்பது நேரம் மட்டும். எடுப்பது, தூக்கிக் கொடுப்பது, குதிப்பது, அடிப்பது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணம். ஒருவர் சரியான கணத்தில் தூக்கிக் கொடுத்தால்தான் மற்றவர் அடி பலமாக விழும். வாலிபாலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இந்திய அணிக்குத் தலைவராக இருந்த தமிழர் மோகன் உக்கிரபாண்டியன் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்தான். கைதட்டல் அடிப்பவருக்குப் போகும், அடியைச் சாத்தியமாக்குவது தூக்கிக் கொடுத்த விரல்கள். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் ஓட்டத்தை விட்டுவிட்டு இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள் பாருங்கள், அதற்காகவே அவர்களை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. 2022 ஜூலையில் ஸ்லைடு அட்டாக், ராக்கெட் சர்வ் என்று இரண்டு புது வித்தைகளையும் சேர்த்தார்கள். அண்ணன் மகன் அவற்றைக் காட்டியபோது அம்மா ஆர்வம் காட்டவில்லை. அவருக்குத் தன் அடியே போதும்.

அந்த அடி எங்கிருந்து வந்தது? நாலாவது ஆட்டத்தில் அண்ணன் மகனே கேட்டுவிட்டான்.

"எப்படி அப்பாயி ஒண்ணுகூட தப்பல?"

"ஒலக்கைதான் சாமி. மேல போவுது, கீழ வருது. ரெண்டு பேரு ஒரு ஒரல்ல மாத்தி மாத்திக் குத்துவோம். நேரம் தப்புனா ஒலக்கையும் ஒலக்கையும் மோதிக்கும்."

கூடம் அப்படியே ஒரு கணம் நின்றுவிட்டது. மேலே வீசினால் குதிப்பு, கீழே இறக்கினால் அடி, கூட்டாளியின் நேரத்தோடு நம் நேரம் சேர வேண்டும். மாற்று உலக்கை போட்ட பெண்களுக்கு இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது! நெல் குத்தும் மில் வந்து உலக்கை பரண் ஏறி எத்தனையோ ஆண்டு ஆகிவிட்டது. கை மறக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் குறையில்லை, உளுந்துக்குத் தேவை மணிக்கட்டின் வீச்சு மட்டுமே.

பந்து படும்போது குச்சி உள்ளங்கையில் லேசாக அதிரும். முதல் முறை அம்மா திடுக்கிட்டுக் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது அந்த அதிர்வுக்காகவே அடிக்கிறார். "பட்டுச்சு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார், முகமெல்லாம் சிரிப்பு.

உங்கள் வீட்டில் இந்தப் பெட்டி இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டாவது குச்சியைப் பிள்ளைகளுக்குள்ளேயே சுற்றவிடாமல் அப்பாயி கையிலோ அம்மாயி கையிலோ கொடுத்துப் பாருங்கள். மணிக்கட்டு வாரை மட்டும் இறுக்கி மாட்டிவிடுங்கள், உலக்கை பிடித்த கை வேகமாக வரும்.