சவர சோப்புகளில் சந்தன மணம்

சவர சோப்பு, சவரக் கிரீம் ஆகியவற்றிற்கு ஊட்டப்படும் நறுமணங்களுள் சந்தன மணம் நெடுங்காலமாக வழக்கில் உள்ள ஒன்றாகும். இலண்டனின் டெய்லர் ஆஃப் ஓல்ட் பாண்ட் ஸ்ட்ரீட் (நிறுவப்பட்டது 1854), ஜியோ. எஃப். டிரம்பர் (1875), இத்தாலியின் புரோராசோ ஆகிய நிறுவனங்களின் சந்தன மணக் கிரீம்கள் பரவலாக அறியப்பட்டவை. எனினும், சந்தனப் பெயர் தாங்கிய சவரப் பொருட்கள் பலவற்றில் சந்தன எண்ணெய் சிறிதளவே இருக்கும். சிலவற்றில் அறவே இராது.

காரமும் மணமும்

ஸ்டியரிக் அமிலம் மிகுந்த கொழுப்புடன் பொட்டாசியம் ஐதராக்சைடு, சோடியம் ஐதராக்சைடு இரண்டையும் சேர்த்துச் சவர சோப்பு செய்யப்படுகிறது. இதனால் அடர்ந்த, விரைவில் உலராத நுரை கிடைக்கிறது. கிரீமில் பொட்டாசியத்தின் பங்கு மிகுதி. அதன் மென்மைக்கு அதுவே காரணம்.

இவ்வாறு செய்யப்படும் இரண்டும் காரத்தன்மை கொண்டவை. பெரும்பாலான மணப்பொருட்களுக்கு இச்சூழல் ஒவ்வாது. எஸ்தர்கள் காரத்தில் மெல்ல நீராற்பகுப்புறும். ஆல்டிகைடுகள் பல சிதைவுறும். வனிலின் சோப்பையே பழுப்பாக்கிவிடும். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்கள் விரைவில் ஆவியாகிக் குறைந்துவிடும்.

சந்தன எண்ணெயின் நிலை வேறு. பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 3518 இன்படி, அதில் ஆல்ஃபா சாண்டலால் 41 முதல் 55 விழுக்காடும், பீட்டா சாண்டலால் 16 முதல் 24 விழுக்காடும் இருக்க வேண்டும். இவை 15 கார்பன் அணுக்கள் கொண்ட ஆல்ககால்கள்; காரம் இவற்றை எளிதில் தாக்குவதில்லை. கொதிநிலை 300 பாகை செல்சியசை ஒட்டி இருப்பதால் மெதுவாகவே ஆவியாகின்றன. தூரிகையால் நுரை எழுப்பும்போது முதலில் மணப்பது லாவெண்டர் போன்ற உடன்மணமே. முகம் கழுவிய பின்னும் எஞ்சி நிற்பது சந்தனம்.

தமிழகக் கோயில்களில் மொட்டையடித்த தலையில் அரைத்த சந்தனம் பூசுவது குளிர்ச்சிக்காகவும்தான். சோப்பில் உள்ள சிறிதளவு எண்ணெயிடம் அக்குளிர்ச்சியை எதிர்பார்க்க இயலாது. சில கிரீம்களில் உணரப்படும் குளிர்ச்சி மென்தாலால் விளைவதாகும்.

எண்ணெயும் மரமும்

முதல் உலகப்போருக்கு முன் மைசூர் அரசின் சந்தனக் கட்டைகள் ஐரோப்பாவிற்கு அனுப்பப்பட்டு அங்கு எண்ணெய் வடிக்கப்பட்டது. போரினால் ஏற்றுமதி தடைப்படவே, 1916இல் மைசூர் அரசு தானே எண்ணெய் ஆலையை நிறுவியது. நறுமணத் தொழிலில் "மைசூர் சந்தனம்" என்பது தரத்தின் பெயராகவே ஆனது.

எண்ணெய் இருப்பது மரத்தின் வைரப்பகுதியிலும் வேரிலும் ஆகும். வைரம் பாய்வதற்குப் பல ஆண்டுகள் தேவை. வேரிலும் எண்ணெய் செறிந்திருப்பதால் மரத்தை வெட்டாமல் வேரோடு பிடுங்குவர். கள்ளக் கடத்தலும் ஒருவகைக் கூர்நுனி நோயும் மரங்களை மேலும் குறைத்தன. சொந்த நிலத்தில் வளர்ந்தாலும் மரம் அரசுக்கே உரியது என்ற நிலை கர்நாடகத்தில் 2001இலும் தமிழ்நாட்டில் 2002இலும்தான் மாறியது. அதுவரை உழவர் எவரும் இதை விரும்பி நடாததில் வியப்பில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1998இல் இதனை அழிவாய்ப்பு இனமாக வகைப்படுத்தியது.

செயற்கை மணப்பொருட்கள்

எண்ணெயின் விலை ஏறியதால் சாண்டலோர், எபனோல், பாலிசாண்டால், ஜாவனால் முதலிய செயற்கைப் பொருட்கள் பயன்பாட்டிற்கு வந்தன. பைன் மரத்தின் டர்பன்டைனில் உள்ள ஆல்ஃபா பைனீனிலிருந்து இவற்றுள் பலவற்றை ஆக்குகின்றனர். இவையும் ஆல்ககால்களே, எனவே சோப்பில் நன்கு நிலைக்கின்றன. ஆயினும், இயற்கை எண்ணெயின் பால் போன்ற மென்மையை ஒரு செயற்கைப் பொருளால் மட்டும் கொண்டுவருவது அரிது.

மேலுறைக் குறிப்பு

உட்பொருள் பட்டியலில் "சாண்டாலம் ஆல்பம் ஆயில்" எனக் காணப்பட்டால் உண்மையான எண்ணெய் உண்டு எனக் கொள்ளலாம். "பர்ஃப்யூம்" அல்லது "ஃபிராகரன்ஸ்" என்று மட்டும் இருந்தால் எதையும் உறுதி செய்ய இயலாது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் சந்தன எண்ணெயையும் சாண்டலாலையும் ஒவ்வாமை தரக்கூடிய மணப்பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. அதன்படி, கழுவிவிடும் பொருட்களில் இவை 0.01 விழுக்காட்டிற்கு மேல் இருந்தால் பெயரைக் குறிப்பிட வேண்டும். ஏற்கெனவே சந்தையில் உள்ள பொருட்களுக்கு 2028 சூலை வரை அவகாசம் அளிக்கப்பட்டது.