விரலை மடக்குவது யார்? மூளை, நரம்பு, தசை பற்றித் திருமணி மருத்துவமனை காட்டியவை

உங்கள் வலது முன்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வலக்கை விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். தோலுக்கடியில் தசைகள் புடைத்து அசைவது தெரியும். விரலுக்குள் தசை எதுவும் கிடையாது. முன்கைத் தசை சுருங்கி, மணிக்கட்டு வழியாக விரல் வரை ஓடும் தசைநாணை இழுக்கிறது. பொம்மலாட்டக் கயிற்றை இழுப்பது போல. இவை தவிர உள்ளங்கைக்குள்ளேயே சிறிய தசைகள் பல உள்ளன. இவை விரலை அடிமூட்டில் மடக்கி, மற்ற இரு மூட்டுகளையும் நிமிர்த்தி வைக்கின்றன. பேனா பிடிக்கவும், பொத்தான் போடவும், சோற்றைப் பிசைந்து எடுக்கவும் இந்தச் சிறிய தசைகள் வேண்டும்.

தசை தானாகச் சுருங்காது. மூளையின் மேற்பரப்பில் உச்சந்தலையிலிருந்து காதுப்பக்கம் இறங்கும் ஒரு பட்டைப் பகுதியே இயக்கப் புறணி. அதில் கைக்கும் முகத்துக்கும் ஒதுக்கப்பட்ட இடம் மிகப் பெரியது. முதுகுக்கு உள்ளது கொஞ்சம்தான். கட்டளை அங்கிருந்து கிளம்பி, முகுளத்தில் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் தாண்டி, தண்டுவடத்தில் இறங்குகிறது. அங்கே இரண்டாவது நரம்பணு அதை வாங்கி, கை நரம்பு வழியாகத் தசைக்கு அனுப்புகிறது. கை நரம்பில் அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 50 முதல் 60 மீட்டர். மூளையிலிருந்து உள்ளங்கைக்கு வந்து சேர ஏறத்தாழ வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் போதும். நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரக்க, தசை சுருங்குகிறது.

இந்தப் பாதை எங்கே அறுந்தாலும் அசைவு நிற்கும். பக்கவாதத்தில் கோளாறு மூளையில். போலியோவில் தண்டுவடத்து நரம்பணுவே சாகிறது. தொழுநோயில் மூளையும் தண்டுவடமும் நன்றாக இருக்க, தசைக்குப் போகும் நரம்பு வழியில் கெடுகிறது. இந்தக் கடைசி வகையைப் புரிந்துகொண்டதில் நம் செங்கல்பட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

நாவலூரிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே போய், திருப்போரூரில் மேற்கே திரும்பினால் செங்கல்பட்டு. அதை ஒட்டிய திருமணியில் 1924இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1955இல் மத்திய அரசு அதை ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன், 1947இல், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அங்கே வந்தார். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவருக்கு மருத்துவமனையைச் சுற்றிக் காட்டினார்.

எங்கு பார்த்தாலும் கொக்கி போல வளைந்த விரல்கள். நோய் சதையைத் தின்றுவிடுகிறது, அந்தக் கையில் இனி உயிரில்லை என்பதே அன்றைய எண்ணம். பிராண்ட் ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலியில் கத்திவிடும் அளவுக்குப் பிடி இறுகியது. செத்துப்போனதாகச் சொன்ன கைக்கு இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது?

விடை நரம்புகளின் பாதையில் இருந்தது. முழங்கை மேசையில் இடித்தால் சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுக்குமே, அதுதான் அல்நார் நரம்பு. உள்ளங்கைச் சிறு தசைகளில் பெரும்பாலானவை இதை நம்பியிருக்கின்றன. விரலை மடக்கும் முன்கைத் தசைகளில் பெரும்பகுதிக்கு மீடியன் என்ற வேறொரு நரம்பு. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த இடங்களில்தான் நன்றாகப் பெருகும். எனவே முழங்கை, மணிக்கட்டு போல நரம்பு தோலுக்கு அருகில் வரும் இடங்களில் அது வீங்கிக் கெடுகிறது; ஆழத்தில் ஓடும் இடத்தில் தப்பிக்கிறது. மீடியன் நரம்பு மணிக்கட்டருகில் கெட்டாலும் முன்கைத் தசைகளுக்கான கிளைகள் அதற்கு மேலேயே பிரிந்துவிடுகின்றன. சிறு தசைகள் செயலிழக்க, பெரிய தசைகள் எதிர்ப்பில்லாமல் இழுக்க, விரல் கொக்கியாகிறது.

அப்படியானால் நல்ல தசை ஒன்றை இடம் மாற்றி வேலை வாங்கலாமே! 1948இல் வேலூரில் பிராண்ட் அதைத் தொடங்கினார். நடுவிரலை மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. ஒன்றை எடுத்தாலும் விரல் மடங்கும். அந்த ஒன்றை நான்காகப் பிளந்து, உள்ளங்கை வழியாகக் கொண்டுபோய், நான்கு விரல்களின் பக்கவாட்டில் தைத்தால், செயலிழந்த தசைகளின் வேலையை அது செய்யும்.

என்னைப் பொறுத்தவரை இதில் வியப்பு அறுவையைவிட அதற்குப் பிறகு நடப்பதுதான். தசைநாண் இடம் மாறினாலும் தசைக்கு வரும் நரம்பு மாறவில்லை. மூளையைக் கேட்டால் அது இன்னும் நடுவிரல் தசைதான். கட்டுப் பிரித்தவுடன் நோயாளி அடிமூட்டை மடக்க நினைத்தால் கட்டளை பழைய, கெட்ட நரம்பில் போய் நின்றுவிடும். எனவே "நடுவிரலை மடக்குங்கள்" என்று சொல்லிப் பழக்குவார்கள். நான்கு விரல்களும் சேர்ந்து அசையும். கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்ய, சில வாரங்களில் மூளை புதிய இணைப்பைத் தன்னதாக்கிக்கொள்ளும். பிறகு நடுவிரலை நினைக்க வேண்டியதில்லை.

இந்த அறுவைகளைச் செய்தவர்களில் மேரி வர்கீஸ் ஒருவர். 1954இல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு அவருடைய கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே நோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். கத்தி பிடித்தவருக்குத் தண்டுவடத்தில் பாதை அறுந்திருந்தது. எதிரே இருந்தவருக்கு முழங்கையில்.

இந்த அறுவை அசைவைத் திருப்பித் தருமே தவிர உணர்வைத் தருவதில்லை. அசைவுக்கு உணர்வும் தேவை. டம்ளரை எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்பதைத் தோலிலிருந்தும் தசையிலிருந்தும் மேலே போகும் செய்திகளைக் கொண்டே மூளையும் சிறுமூளையும் நொடிக்கு நொடி திருத்துகின்றன. திருமணி நோயாளியின் பிடி அப்படி வலித்ததற்கு இதுவும் காரணம்: எவ்வளவு அழுத்துகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. சூடான பாத்திரமும் தேய்ந்த கைப்பிடியும் விரலைப் புண்ணாக்குவது இப்படித்தான். விரல்கள் குறைந்துபோவதற்குப் பெரும் காரணம் கவனிக்கப்படாத இந்தக் காயங்களே.

இந்தியாவில் 1983 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனாலும் உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். மருந்து கிருமியைக் கொல்லும். நெடுநாள் செயலிழந்த நரம்பை மீட்காது. ஆகவே பரிசோதிப்பவர் உணர்வற்ற தேமலைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. கண்ணை இறுக மூடச் சொல்வார். அது முக நரம்பு. சுண்டுவிரலை வெளிப்பக்கம் தள்ளச் சொல்வார், அல்நார். கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்வார்; மீடியன். பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொல்வார். முழங்காலின் வெளிப்புறம் சுற்றி வரும் நரம்பு. எதிலாவது வலு குறைந்து ஆறு மாதத்துக்குள் என்றால், பிரெட்னிசோலோன் மாத்திரையால் பலருக்கு அந்த நரம்பைக் காப்பாற்ற முடிகிறது.